மடுவுக்குள்ள முகத்த வச்சாதான் டிரவுட் தெரியும்

குளிர்ந்த மலை ஓடையில வாழற டிரவுட் மீனப் பத்தி எவ்வளவோ பேரு எழுதியிருக்காங்க, ஆனா பெரும்பாலும் தூண்டிலப் புடிச்சுக்கிட்டு கரையில நின்னு எழுதினதுதான். கரையில இருந்து பாத்தா ரெண்டே காட்சிதான் கிடைக்கும், ஒண்ணு சர்ருன்னு பாறைக்கு அடியில ஓடற ஒரு நிழல், இன்னொண்ணு தூண்டில்ல மாட்டித் துடிக்கற மீன். ரெண்டுமே பயந்து போன மீன். பயப்படாத டிரவுட் நாள் பூரா எங்க நிக்கும், எப்படி சாப்பிடும், யார் கூட மல்லுக்கு நிக்கும், இதெல்லாம் பாக்கணும்னா கண்ணையும் மூக்கையும் மூடற ஒரு மாஸ்க்கும், மூச்சு விடற குழாயான ஸ்நார்கெலும் மாட்டிக்கிட்டு மலை ஓடையோட மடுவுக்குள்ள முகத்த வச்சுப் படுக்கணும். அதவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

மலை ஓடையில ஆழம் ஒண்ணும் பெருசா இருக்காது. முழங்கால் அளவு தண்ணி ஓடி வந்து ஒரு பாறையில மோதித் திரும்பற எடத்துல இடுப்பளவு, சில எடத்துல கழுத்தளவு குழி பறிச்சு வச்சிருக்கும், அதுதான் மடு. கடல்ல மாதிரி கால்ல ஃபின் மாட்டிக்கிட்டு நீந்தறதுக்கெல்லாம் இங்க வேலையே இல்ல, குப்புறப் படுத்து கல்லப் புடிச்சுப் புடிச்சு ஊர்ந்து போறதுதான், முழங்கால்லயும் முழங்கையிலயும் தடிமனா ஏதாச்சும் போட்டுக்கிட்டா தோல் தப்பிக்கும். போறது எப்பவுமே கீழ இருந்து மேல, அதாவது ஓட்டத்துக்கு எதிரா. டிரவுட் தண்ணி வர்ற தெசையப் பாத்துதான் நிக்கும், ஏன்னா சாப்பாடு வர்றது அங்க இருந்துதான், அதனால நாம பின்னால இருந்து போனா அது கண்ணுல படறதுக்கு நேரமாகும், நாம கலக்கி விடற மண்ணும் நமக்குப் பின்னாடியே போயிடும், முன்னாடி இருக்கற தண்ணி தெளிவாவே இருக்கும். மேல இருந்து கீழ மிதந்து வந்தீங்கன்னா உங்களுக்கு முன்னாடியே உங்க கலங்கல் தண்ணி போயி நீங்க வர்ற சேதியச் சொல்லிடும்.

உள்ள போனதும் மடு காலியாதான் தெரியும். இங்கதான் நெறைய பேரு தப்பா முடிவு பண்ணி அடுத்த மடுவுக்குப் போயிடறாங்க. போகாதீங்க. ஒரு கல்ல ஒரு கையால புடிச்சுக்கிட்டு அப்படியே படுங்க, கால ஆட்டாதீங்க, மூச்ச மெதுவா விடுங்க. மீனோட உடம்புல ரெண்டு பக்கமும் செவுள்ல இருந்து வால் வரைக்கும் ஒரு கோடு ஓடும், தண்ணியில நடக்கற சின்ன அசைவு கூட அதுல தெரிஞ்சிடும், நீங்க கால உதைக்கறது அதுக்கு ரொம்பப் பெரிய விஷயம். பத்து பதினஞ்சு நிமிஷம் அசையாம கிடந்தா முதல்ல குட்டிங்க வரும், பக்கவாட்டுல வரிசையா சாம்பல் நீலத்துல விரல் ரேகை பதிச்ச மாதிரி பட்டை இருக்கும், பார்னு சொல்வாங்க அந்த வயசுக் குட்டிங்கள. அப்புறம் நடுத்தரம். பெருசு கடைசியா வரும், இல்ல, அது எங்கயும் போயிருக்காது, கரை அரிச்சுப் போன பொந்துக்குள்ள நின்னுக்கிட்டு உங்களப் பாத்துக்கிட்டே இருந்திருக்கும்.

அப்புறம் ஒரே ஒரு மீன எடுத்துக்கோங்க. மடுவோட தலைப்பகுதியில, வெள்ளையா நுரைச்சு விழற வேகத் தண்ணியும் ஓரத்துல இருக்கற சோம்பல் தண்ணியும் உரசற எடம் ஒண்ணு இருக்கும், அந்தக் கோட்டுல ஒரு கல்லுக்குப் பக்கத்துல ஒரு டிரவுட் நிக்கும். நூல் கட்டின பட்டம் மாதிரி நின்ன எடத்துலயே லேசா ஆடிக்கிட்டு நிக்கும், வால் கொஞ்சம்தான் அசையும், மார்புத் துடுப்ப ஒரு சாய்ப்பு சாய்ச்சா தண்ணியே அத மேல தூக்கிடும். கண்ண மட்டும் கவனிங்க, அது உருண்டுக்கிட்டே இருக்கும். ஒரு சின்ன பூச்சிப் புழு ஓட்டத்துல வரும், நமக்கு அது தூசி மாதிரி கூட தெரியாது, மீன் ஒரு ஜாண் பக்கவாட்டுல சாயும், வாய் திறக்கும், உள்ள இருக்கற வெள்ளை ஒரு நொடி பளிச்சுன்னு தெரியும், மூடும், திரும்ப அதே கல்லுக்குப் பக்கத்துல அதே எடத்துல வந்து நிக்கும். அடுத்து வர்றது ஒரு இலைத் துணுக்கு, அதையும் வாய்க்குள்ள வாங்கும், உடனே துப்பிடும். கை இல்லாத பிராணி, எதையும் சோதிக்கணும்னா வாயாலதான் சோதிக்கணும். எத்தன வாங்குது, எத்தன துப்புதுன்னு கொஞ்ச நேரம் பாத்தீங்கன்னா அசந்து போயிடுவீங்க.

அந்த எடம் ஏன் அவ்வளவு முக்கியம்னா, நிக்கறதுக்கு மெதுவான தண்ணி, ஆனா கைக்கெட்டற தூரத்துல சாப்பாடு கொண்டு வர்ற வேகமான தண்ணி, ரெண்டும் சேந்து கிடைக்கறது மடுவுல சில எடத்துலதான். வேகத்துலயே நின்னா சாப்பிடறதவிட நீந்தறதுக்கே சக்தி செலவாயிடும், மெதுவுலயே நின்னா சாப்பாடே வராது. மீன் ஆராய்ச்சியாளர் கர்ட் ஃபாஷ் 1984ல வெளியிட்ட ஆய்வு இதத்தான் கணக்குப் போட்டுக் காட்டுச்சு, மீன் நிக்கற எடத்துல வர்ற வரவுல நீந்தற செலவக் கழிச்சா என்ன மிஞ்சுதோ அதுக்கும் மீன் வளர்ற வேகத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு. அதே வருஷம் இன்னொரு ஆராய்ச்சியாளர் ராபர்ட் பாக்மன், அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல ஸ்ப்ரூஸ் கிரீக்ங்கற ஓடையில பிரவுன் டிரவுட்ங்கற வகையப் பத்தின ஆய்வ வெளியிட்டாரு, தண்ணிக்குள்ள எறங்காம கரையில உயரமா ஒரு மறைவு கட்டி உக்காந்து வருஷக்கணக்கா ஒவ்வொரு மீனையும் அதோட புள்ளிய வச்சு அடையாளம் கண்டு பாத்தவரு. மீனுங்க வருஷா வருஷம் அதே எடங்களுக்குத் திரும்பி வந்து நிக்கறதையும், பண்ணையில வளத்து விட்ட டிரவுட் காட்டு டிரவுட்டவிட வீணா அலைஞ்சு சக்தியத் தொலைக்கறதையும் அவரு பதிவு பண்ணாரு. இது படிச்சதுக்கு அப்புறம் எனக்கு ஒரு மீனப் பாக்கறதுங்கறதே வேற மாதிரி ஆயிடுச்சு, மீன் எங்க இருக்குன்னு தேடறதவிட இந்த மடுவுல நல்ல எடம் எதுன்னு முதல்ல தண்ணியப் படிக்க ஆரம்பிச்சேன், எடத்தக் கண்டுபுடிச்சா மீன் அங்க இருக்கும்.

நல்ல எடத்துக்குப் போட்டியும் இருக்கும்ல. பெருசு முதல் எடத்துல, அடுத்தது அதுக்குக் கொஞ்சம் பின்னால, குட்டிங்க வால்பகுதியில ஆழம் கம்மியான ஓரத்துல. யாராச்சும் எல்ல தாண்டினா முதல்ல கடிக்காது, முதுகுத் துடுப்ப விறைச்சு, எல்லாத் துடுப்பையும் விரிச்சு, பக்கவாட்டா உடம்பக் காட்டிக்கிட்டு ரெண்டும் ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு நிக்கும். பெரும்பாலும் அதுலயே முடிஞ்சிடும். முடியலன்னாதான் தொரத்தறதும் வாலக் கடிக்கறதும். தோத்த மீனோட நெறம் கொஞ்ச நேரத்துல கருத்துப் போகும், நான் அடங்கிட்டேன்னு சொல்ற மாதிரி. கரையில நின்னு இதப் பாக்கவே முடியாது, தண்ணி மேல வானம் மினுங்கறதுதான் தெரியும்.

நெறம்னு சொன்னதும் சொல்லணும், தண்ணிக்கு வெளிய எடுத்த டிரவுட்டோட போட்டோவ வச்சு அது நெறத்த முடிவு பண்ணாதீங்க. புரூக் டிரவுட்ங்கற வகையோட அடித்துடுப்பு முனையில சுண்ணாம்பு வெள்ளையில ஒரு கோடு, அத ஒட்டி ஒரு கறுப்புக் கோடு, முதுகுல புழு ஊர்ந்த தடம் மாதிரி நெளிவு, பக்கத்துல நீல வளையத்துக்குள்ள செவப்புப் புள்ளி, இத்தனையும் வெயில் கீத்து விழற தண்ணிக்குள்ள பாத்தா கண்ண எடுக்க முடியாது, ஆனா அந்த முதுகு நெளிவு மேல இருந்து பாத்தா கூழாங்கல்லு மேல வெளிச்சம் ஆடறதோட அப்படியே கலந்துடும். ரெயின்போ டிரவுட்டுக்குப் பக்கவாட்டுல ரோஸ் பட்டை, கட்த்ரோட் டிரவுட்டுக்குத் தாடைக்கு அடியில ஆரஞ்சும் செவப்புமா ஒரு கீறல். ஒண்ணு கவனத்துல வச்சுக்கோங்க, மாஸ்க் வழியா பாக்கறப்போ எல்லாமே மூணுல ஒரு பங்கு பெருசாத் தெரியும், அளவு சொல்றப்போ கழிச்சுக்கணும்.

இன்னொரு வேலையும் பண்ணுங்க, மீனப் பாத்து முடிச்சதும் மல்லாந்து தண்ணிக்குள்ள இருந்தே மேல பாருங்க. வெளி உலகம் மொத்தமும் தலைக்கு மேல ஒரு வட்டத்துக்குள்ள சுருங்கித் தெரியும், சுமார் 97 டிகிரி கோணம், அதுக்கு வெளிய தண்ணியோட அடிப்பக்கம் முழுக்க மடுவோட தரையத் திருப்பிக் காட்டும். டிரவுட் பாக்கற உலகமும் இதேதான். வட்டத்தோட விளிம்புல கரை, மரம் எல்லாம் நசுங்கித் தெரியும், குனிஞ்சு வர்ற ஆள் அந்த நசுங்கல்ல கிட்டத்தட்ட காணாம போயிடுவாரு, நிமிர்ந்து நிக்கறவரு நல்லாத் தெரிவாரு. கரையோரம் ஏன் குனிஞ்சு நடக்கணும்ங்கறது அந்த வட்டத்த ஒரு தடவ பாத்தாலே புரிஞ்சிடும்.

இது வெறும் பொழுதுபோக்குன்னு நெனச்சுடாதீங்க, மீன் ஆராய்ச்சியில ஸ்நார்கெல் போட்டு எண்ணறது ரொம்ப நாளா நடக்கற முறை. மின்சாரம் பாய்ச்சி மீன மயக்கி எண்ணறதவிட இதுல மீனுக்குத் தொந்தரவு கம்மி. குளிர் காலத்துல தண்ணி 10 டிகிரிக்குக் கீழ போனா குட்டிங்க பகல்ல கல்லிடுக்குல ஒளிஞ்சுக்கிட்டு ராத்திரிதான் வெளிய வரும், அதனால ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு எறங்கி எண்ணுவாங்க. எனக்கு இதுல ரொம்பப் புடிச்சவரு ஜப்பான்ல ஹொக்கைடோவுல வேல பாத்த ஷிகெரு நகானோ. மணிக்கணக்கா ஓடையில முகத்த வச்சுக் கிடந்து சார் மீனப் பாத்தவரு, சார்ங்கறது டிரவுட்டுக்கு நெருங்கின சொந்தம், மேல சொன்ன புரூக் டிரவுட்டே அந்த வகைதான். அவரும் கூட இருந்தவங்களும் 1990கள்ல ஹொரொனாய் ஓடையில கொஞ்ச தூரத்துக்குப் பசுமைக் குடில் மாதிரி வலை போட்டு மூடிட்டாங்க, மரத்துல இருந்து பூச்சி தண்ணியில விழக்கூடாதுன்னு. மேல இருந்து வர்ற சாப்பாடு நின்னதும் அங்க இருந்த டாலி வார்டன்ங்கற வகை சார் மீன் அடித்தரையில இருக்கற பூச்சிப் புழுவத் திங்க ஆரம்பிச்சுது, அந்தப் புழு கொறைஞ்சதும் அது மேயற பாசி கல்லு மேல மண்டிடுச்சு. கரை மரத்துல இருந்து விழற பூச்சிக்கும் அடியில இருக்கற பாசிக்கும் நடுவுல ஒரு மீன் நிக்குது பாருங்க. இந்த ஆய்வு 1999ல வெளியாச்சு, அடுத்த வருஷமே மெக்சிகோ பக்கம் கலிஃபோர்னியா வளைகுடாவுல படகு கவுந்து நகானோ இறந்துட்டாரு. ஓடைக் கரையில மரத்த வெட்டறதப் பத்திப் பேச்சு வந்தா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அந்த வலைதான்.

இப்ப குளிர். டிரவுட் இருக்கற தண்ணின்னாலே குளிர்ந்த தண்ணிதான், 0 டிகிரி தண்ணி லிட்டருக்குச் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் புடிச்சு வைக்கும், 20 டிகிரியில அது 9 பக்கத்துல வந்துடும், அந்தச் சூட்டுலயே டிரவுட் திணற ஆரம்பிச்சிடும். நமக்கோ காத்தவிட தண்ணி 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்ட உறிஞ்சும், அதுவும் நீந்தாம அசையாம படுத்துக் கிடக்கற வேலை இது. 5 மில்லிமீட்டர், முடிஞ்சா 7 மில்லிமீட்டர் தடிமன்ல வெட்சூட், அதாவது குளிர் தாங்கற ரப்பர் உடை, தலைக்கு ஹூட், கைக்குக் கிளவுஸ், எதுலயும் கஞ்சம் வேண்டாம். எறங்கறப்போ முகத்தயும் கழுத்தயும் முதல்ல நனைச்சு மூச்சு அடங்கறதுக்கு டைம் குடுங்க, சடார்னு உள்ள போனா உங்களக் கேக்காமயே ஒரு மூச்சு இழுத்துடும், அது தண்ணிக்குள்ள நடந்தா ஆபத்து. விரல் விறைச்சு மாஸ்க் வாரப் புடிக்க முடியலன்னா அப்பவே வெளிய வந்துடணும். தனியா போகவே கூடாது, ஒருத்தர் கரையில நின்னு பாத்துக்கணும். மேல மழை பெஞ்சிருந்தா அன்னிக்கு வேண்டாம். விழுந்து கிடக்கற மரத்தோட கிளைக்குள்ள தண்ணி புகுந்து போற எடம், அருவி விழற நேர் அடி, ரெண்டு பாறைக்கு நடுவுல கால் மாட்டற வேகத் தண்ணி, இந்த மூணு கிட்டயும் எவ்வளவு பெரிய மீன் நின்னாலும் போகாதீங்க.

மீனுக்கும் சில விஷயம் பாக்கணும். வெயில் காலத்துல தண்ணி சூடாகி மீனெல்லாம் ஊத்து வர்ற ஒரு குளிர்ந்த மூலையில கூடி நிக்கறத பாத்தீங்கன்னா திரும்பிடுங்க, அங்க இருந்து தொரத்தினா அதுக்குப் போக வேற எடம் கிடையாது. முட்டை போடற காலத்துல, பிரவுனும் புரூக்கும் இலையுதிர் காலத்துல, ரெயின்போவும் கட்த்ரோட்டும் பொதுவா வசந்தத்துல, மடுவோட வால்பகுதியில சரளைக் கல்லுல ஒரு எடம் மட்டும் பாசி இல்லாம பளிச்சுன்னு கழுவி வச்ச மாதிரி இருக்கும். பெண் மீன் பக்கவாட்டா சாஞ்சு வாலால அடிச்சு அடிச்சுத் தோண்டின குழி அது, முட்டை அந்தக் கல்லுக்கு அடியில இருக்கு, மேல கால் வச்சா நசுங்கிடும். அங்க நடக்கவும் வேண்டாம் ஊரவும் வேண்டாம், கரையேறிச் சுத்திப் போங்க.

ஒரு ஓடையில இருந்து இன்னொரு ஓடைக்குப் போறதுக்கு முன்னாடி வெட்சூட், ஷூ எல்லாத்தையும் கழுவிக் காய வைங்க. டிடிமோன்னு ஒரு பாசி, ஒரு சொட்டுத் தண்ணியில ஒட்டிக்கிட்டுப் போயி அடுத்த ஓடையோட கல்லு மொத்தத்தையும் பழுப்பு நெறத்துல போத்திடும், நியூசிலாந்துல 2004ல அது தெரிய வந்ததுல இருந்து அங்க சொல்ற முறை, சோப்புத் தண்ணியில நல்லா கழுவணும், தொட்டுப் பாத்தா ஈரம் இல்லாத அளவுக்குக் காய்ஞ்சதுக்கு அப்புறமும் இன்னும் 48 மணி நேரம் வைக்கணும். வெட்சூட்டோட உள்பக்கமும் ஷூவோட அடிப்பக்கமும்தான் காயறதுக்கு லேட்டாகும், அத முதல்ல திருப்பிப் போடுங்க.