கலந்து ஊத்தவா?

பினாங்குல நான் வேலை பாத்த நாசி கண்டார் கடையில கல்லாவுக்கு மேல ஒரு பழைய போட்டோ மாட்டியிருக்கும். ஒருத்தர் தோள்ல கம்பு, கம்போட ரெண்டு முனையிலயும் கூடை தொங்குது, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் கறி. போய் எறங்குன மொத நாளு அதைப் பாத்துட்டு, "யாரு பாய் இது, காவடி எடுக்குறாரு?"ன்னு கேட்டேன். கறி ஊத்திக்கிட்டு இருந்த பெரிய பாய் கரண்டிய கீழ வச்சிட்டு சிரிச்சாரு. அப்புறம் சொன்னாரு, "நீ சொன்னது தப்பில்லடா தம்பி, மலாய்ல கண்டார்னா தோள்ல கம்பு போட்டு தூக்குறதுதான், அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க இப்படித்தான் தூக்கிட்டுப் போயி துறைமுகத்துல மூட்டை தூக்குறவங்களுக்கு வித்தாங்க, அதான் நாசி கண்டார்"னு. நாசின்னா சோறு. அவ்ளோதான் பேரு. காவடிச் சோறுன்னு நாம சொல்லிக்கலாம்.

நான் போனது 2012ல. பரமக்குடி பக்கம் கிராமம், பி.காம் முடிச்சிட்டு சும்மா இருந்தேன், ஒரு ஏஜெண்டு "ஹோட்டல் சூப்பர்வைசர்"னு சொல்லித்தான் பணம் வாங்குனாரு. திருச்சியில ஃப்ளைட் ஏறி கோலாலம்பூர்ல எறங்கி, அங்கேருந்து பஸ்ஸுல அஞ்சு மணி நேரம், கடைசியா 13.5 கிலோமீட்டர் கடல் பாலத்துல போறப்ப எதுக்கோ அழுகை வந்துச்சு, வெளிய காட்டிக்கல. மறுநாளு காலையில சூப்பர்வைசர் வேலைன்னா என்னன்னு தெரிஞ்சுச்சு. தட்டு கழுவுறது. நாலு மாசம் தட்டு கழுவுனேன். நாசி கண்டார் தட்டு கழுவுறது சாதாரண வேலை இல்லங்க, மஞ்சளும் எண்ணெயும் சேந்து நகக்கண்ணுல ஏறிக்கிட்டா ஒரு வாரத்துக்குப் போகாது. பாஸ்போர்ட்ட மொதலாளி வாங்கி வச்சிக்கிட்டாரு, "பத்திரமா இருக்கும்"னு. பத்திரமாத்தான் இருந்துச்சு, நான்தான் எங்கயும் போக முடியல.

இந்த சோத்தப் பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். கண்ணாடிப் பொட்டிக்குப் பின்னாடி பெரிய பெரிய சட்டியில கறி வரிசையா இருக்கும், கோழிக் கறி, மீன் தலைக் கறி, ஆட்டுக் கறி, கீச்சாப்னு சொல்ற சோயா சாஸ் போட்டு கறுப்பா பண்ண மாட்டுக் கறி, சோத்தோங்னு சொல்ற கணவாய், எறா, மீன் முட்டை, பெண்டின்னு சொல்ற அவிச்ச முழு வெண்டைக்கா, வெங்காயம் போட்டு வறுத்த பாகக்கா, உப்பு முட்டை. வெறும் வெள்ளைச் சோத்த வச்சு வேணுங்கறத எடுத்து போட்டு, அதுக்கு மேல நாலஞ்சு சட்டியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா கறிய கலந்து ஊத்தணும். அதுதான் குவா சம்போர். "பாஞ்சிர்"னு ஒருத்தர் சொன்னா சோறு முங்குற மாதிரி ஊத்தணும், பாஞ்சிர்னா வெள்ளம். பினாங்கு ஜார்ஜ் டவுன்ல கேம்பல் தெருவுல இருக்குற ஹமீதியா கடை 1907லேருந்து இந்த வியாபாரம் பண்ணுது, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801ல கட்டுனது, நம்ம கடலோரத்து தமிழ் முஸ்லிமுங்க அவ்ளோ காலமா அங்க இருக்காங்க. கடைக்குள்ள பெரிய பாய் கொழம்ப ஆணம்னுதான் சொல்லுவாரு. கஸ்டமர் மலாய்ல குவாம்பாங்க, மலேசியத் தமிழங்க கறிம்பாங்க, நான் கொழம்புன்னுவேன். நாலு பேரு நாலு பேரு வச்சிக் கூப்புட்ட ஒரே சட்டி.

எங்க ஊர்ல மீன் கொழம்பையும் கறிக் கொழம்பையும் ஒரே தட்டுல ஊத்துனா எங்கம்மா கரண்டியாலயே அடிப்பாங்க. இங்க அதுதான் தொழிலே. தட்டு கழுவுற எடத்துலேருந்து கரண்டிக்கு என்னைய மாத்துனப்ப பெரிய பாய் பக்கத்துல நிக்க வச்சிக்கிட்டாரு. மொதல்ல கோழி ஆணம் சோத்துல ஊறணும், அதுக்கு மேல மீன் ஆணம், புளிப்புக்கு, அரைக் கரண்டிதான், அப்புறம் கறுப்பு ஆணம் ஓரத்துல ஒரு சுத்து, இனிப்புக்கு. தட்ட இடது கையில சாய்ச்சு புடிக்கணும், கறி ஒரு பக்கமா எறங்கி மறுபடி சோத்துக்கு வரணும். பத்து நாளு வரைக்கும் என் தட்டு எல்லாம் சேறு மாதிரி இருந்துச்சு. ஒரு சீனத் தாத்தா தட்டையும் என் மூஞ்சியையும் மாறி மாறி பாத்துட்டு, "அண்ணே பாரு?"ன்னாரு, அண்ணன் புதுசான்னு கேக்குறாரு. அங்க எல்லாருக்கும் நாம அண்ணேதான், எழுவது வயசு ஆளுக்கும்.

சமையல் பண்ணுறவர்தான் ருசிக்கு காரணம்னு வெளிய எல்லாரும் நெனைக்கிறாங்க. ஒரே நாளு ஒரே சட்டியிலேருந்து நான் ஊத்துன தட்டும் பெரிய பாய் ஊத்துன தட்டும் ரெண்டு கடை சாப்பாடு மாதிரி இருக்கும், அதனாலதான் சில பேரு வரிசையில நின்னுட்டு என் முறை வந்ததும் பின்னாடி இருக்கறவர முன்னாடி விட்டுட்டு பாய் கைக்கு காத்திருப்பாங்க. மொத மொத பாக்குறப்ப சுருக்குன்னு இருக்கும். அப்புறம் பழகிருச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு எனக்காகவும் ரெண்டு மூணு பேரு அப்படி நின்னாங்க, அத நான் வீட்டுக்கு போன் பண்ணி சொன்னேன், எங்கம்மாவுக்கு ஒண்ணும் புரியல.

கணக்கு வேற. பில் மிஷின் எல்லாம் இருந்துச்சு, ஆனா தட்டப் பாத்து வெலை சொல்றது கண்ணுதான். சோத்துக்குள்ள ஒளிஞ்சிருக்குற ரெண்டாவது முட்டையக்கூட கல்லாவுல இருந்தவர் கண்டுபிடிச்சிடுவாரு. மீன் முட்டையும் பெரிய எறாவும் எடுத்தவங்க வெலையக் கேட்டு ஒரு நிமிஷம் அப்படியே நிப்பாங்க பாருங்க, அந்த மொகம் எந்த நாட்டுக்காரனுக்கும் ஒண்ணுதான். 2015 ஏப்ரல்ல அங்க ஜிஎஸ்டி 6 சதவீதம் வந்தப்ப ஒரு மாசம் பூரா சண்டைதான். ஊருக்கு வந்து ஒரு வருஷத்துல இங்கயும் வந்துச்சு. நான் ரெண்டு தடவ அனுபவிச்சவன்.

இப்ப நான் எழுத வந்த விஷயத்துக்கு வர்றேன்.

ஸ்கூல் லீவு நேரம் ஒரு சனிக்கெழமை மத்தியானம். கோலாலம்பூர்லேருந்து கார் கார்னு வந்து எறங்குற நாளு, வரிசை தெரு முனைக்குப் போயிருச்சு. ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், பேரப்புள்ளையக் கையில புடிச்சிக்கிட்டு, "தம்பி, கோழி போடுப்பா, பெண்டி ரெண்டு, கறி எல்லாம் கலந்து ஊத்து லா"ன்னாங்க. நம்ம ஆளு, தமிழ்ல கேட்டாங்களேன்னு ஒரு சந்தோஷம், நல்லா கலந்து பாஞ்சிரா ஊத்திக் குடுத்தேன். அவங்க போய் ஒக்காந்து புள்ளைக்கு பெசஞ்சு குடுக்க கைய வச்சப்பதான் அவங்க நெத்தியப் பாத்தேன். நெத்தி நெறைய விபூதி. கறுப்பு ஆணம் ஒரு சுத்து ஊத்தியிருக்கேன். மாட்டுக் கறி ஆணம்.

ஒடம்பெல்லாம் குப்புன்னு வேர்த்துருச்சு. ஆனா நான் நகரல. இதுதான் இன்னிக்கும் எனக்கு ஒறுத்துறது, தெரியாம ஊத்துனது கூட இல்ல. வரிசையில அடுத்த ஆளு தட்ட நீட்டுறான், மொதலாளி கல்லாவுலேருந்து பாக்குறாரு, நான் பேசாம அடுத்த தட்டுக்கு சோறு வச்சேன். பெரிய பாய் என் மூஞ்சியப் பாத்தாரு, அந்த டேபிளப் பாத்தாரு, ஒரு வார்த்த கேக்கல. கரண்டியப் போட்டுட்டு நேரா போயி அந்தத் தட்ட எடுத்துட்டாரு. "கோழி சரியா வேகலம்மா, வேற தர்றேன்"னாரு, கடையில பாதிப் பேருக்கு கேக்குற மாதிரி. மொதலாளி மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. சனிக்கெழமை கூட்டத்துல கடையோட கோழி வேகலன்னு கடை ஆளே சொல்றான். அந்தம்மா, "பரவால்ல பாய், பையன் வாய்ல வைக்கல"ன்னாங்க. புதுத் தட்டுல கோழி ஆணம் மட்டும் ஊத்தி, ஒரு அப்பளம் சேத்து வச்சுக் குடுத்தாரு. தட்டு வெலைய அவர் பாக்கெட்டுலேருந்து கல்லாவுல போட்டாரு. நான் அன்னிக்கு ராத்திரி அந்தக் காச நீட்டுனேன், வாங்கல. "நெத்தியப் பாத்துட்டு ஊத்துடா"ன்னு மட்டும் சொன்னாரு.

அவங்ககிட்ட உண்மைய சொல்லியிருக்கணுமான்னு இன்னும் எனக்கு ஒரு முடிவு இல்ல. சாப்பிடல, அதனால சொல்ல என்ன இருக்குன்னும் தோணும். பாய் தன் தொழில் பேர கெடுத்துக்கிட்டு ஒரு பொய் சொன்னாரு, அதுவும் நாகப்பட்டினத்துல சிதம்பரம்னு பேரு வச்ச கப்பல்ல ஏறி வந்து முப்பது வருஷத்துக்கு மேல கரண்டி புடிச்ச மனுஷன், வேகாத கோழின்னு அவர் வாயால சொன்னது அந்த ஒரு தடவதான் இருக்கும்.

நெத்தியப் பாத்து ஊத்துறதுல ஒரு சிக்கல், எல்லார் நெத்தியிலயும் எழுதியிருக்காது. சீனங்கள்ல குவான் யின் சாமி கும்புடுறவங்க நெறைய பேரு மாடு தொட மாட்டாங்க, பாத்தா தெரியவே தெரியாது. நம்ம ஆளுங்கள்லயே சாப்பிடுறவங்க இருக்காங்க, சாப்பிடாதவங்க இருக்காங்க, வீட்டுக்குத் தெரியாம சாப்பிடுறவங்க தனி. அதனால நான் கேக்க ஆரம்பிச்சேன். ஒவ்வொரு தட்டுக்கும், "மக்கான் லெம்பு?" மாடு சாப்பிடுவீங்களா. மலாய்க்காரங்க சில பேரு என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க, இது என்னடா கேள்வின்னு. வரிசை மெதுவாச்சு, மொதலாளி கத்துனாரு, பாய் ஒண்ணும் சொல்லல, அதனால நானும் விடல.

கேட்டா மட்டும் போதுமா? இது உள்ள வேலை பாத்தவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு கரண்டி இருக்கு, சரி, ஆனா கூட்டத்துல கோழிக் கரண்டிய தூக்கி மீன் சட்டிக்கு மேல கொண்டுபோறப்ப சொட்டும், கறுப்பு ஆணத்துலேருந்து வர்ற வழியில கோழிச் சட்டியில சொட்டும், சாயங்காலத்துக்குள்ள எல்லாச் சட்டியும் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்க ஆயிடும். "லெம்பு வேணாம்"னு சொல்றவர்கிட்ட தலையாட்டிட்டு நான் ஊத்துற கோழி ஆணத்துல என்ன இருக்குன்னு எனக்கு தெரியும். ஒரு வாரம் தூக்கம் வரல. அப்புறம் மாட்டுச் சட்டிய வரிசையில நடுவுலேருந்து எடுத்து இடது பக்கம் கடைசியில வச்சேன், அதோட கரண்டி கைப்பிடியில செவப்பு ரப்பர் பேண்ட் சுத்துனேன், அது வேற எந்தச் சட்டிக்கு மேலயும் போகக்கூடாது. நாலு வருஷத்துல அந்தக் கடையில நான் எடுத்த ஒரே நிர்வாக முடிவு இதுதான், அந்த சூப்பர்வைசர் வேலைக்கு அது ஒண்ணுதான் கணக்கு. மொதலாளி மொதல்ல சிரிச்சாரு, சட்டிய பழைய எடத்துக்கே ரெண்டு தடவ மாத்துனாரு, பாய் ரெண்டு தடவையும் திருப்பி வச்சாரு.

வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழுகைக்கு எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிட்டா பாதி எறக்குன ஷட்டருக்குள்ள நான் ஒருத்தன் மட்டும் இருப்பேன், அந்த ஒண்ணர ரெண்டு மணி நேரம்தான் வாரத்துலயே எனக்கு அமைதி. வீட்டுக்கு அப்பத்தான் போன் பண்ணுவேன். எங்கம்மா ஒரு தடவ கேட்டாங்க, "அங்க மாட்டுக்கறி கிறி போடுவாகளாப்பா?" கறுப்புச் சட்டிக்கு ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டு, "அதெல்லாம் இல்லம்மா, சோறு கொழம்புதான்"னேன். ஊருக்கு எல்லாம் மக்கான் லெம்புன்னு கேக்குற ஆளு.

தைப்பூசத்துக்கு லீவு போட்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவேன். கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், வெள்ளி ரதம் வர்ற வழியெல்லாம் சீனங்க கூட தேங்கா ஒடைப்பாங்க, ரோடு பூரா தேங்காத் தண்ணி. ஒரு வருஷம் அங்க ஒரு தண்ணிப் பந்தல்ல அந்த அம்மா மாதிரியே ஒருத்தர் மோரு குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்களா இல்லையான்னு நிச்சயமில்ல. ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சிட்டு பேசாம வந்துட்டேன்.

2015 கடைசியில ரிங்கிட் விழுந்துச்சு, பதினெட்டு பத்தொம்போது ரூபான்னு அனுப்பிக்கிட்டு இருந்தது பதினஞ்சு பக்கம் வந்துருச்சு. அதே கால் வலி, அதே பன்னண்டு மணி நேரம், வீட்டுக்குப் போற காசு மட்டும் கொறையுது. 2016ல பெர்மிட் முடிஞ்சதும் கெளம்பிட்டேன். பாய் கறித்தூள் ரெண்டு பாக்கெட் குடுத்தாரு, மீனுக்கு ஒண்ணு எறச்சிக்கு ஒண்ணு, "கலந்துராத"ன்னு சொல்லிட்டு அவரே சிரிச்சாரு.

ஊருக்கு வந்த அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம். பந்தியில ஆளு பத்தலன்னு சாம்பார் வாளிய என் கையில குடுத்தாங்க. சுத்த சைவச் சாப்பாடு, சாம்பாரும் வத்தக் கொழம்பும் ரசமும்தான், அதுல கேக்க என்ன இருக்கு. நான் ஒவ்வொரு எலைக்கும் நின்னு, குனிஞ்சு, "சாம்பார் ஊத்தவா? கலந்து ஊத்தவா? என்ன வேணாம்?"னு கேட்டுக்கிட்டே போறேன், பின்னாடி ரசக்காரனும் பொரியல்காரனும் வரிசையா நிக்கிறாங்க, எலையில சோறு ஆறுது. பெரியப்பா பந்தி கடைசியிலேருந்து சத்தம் போட்டாரு:

"டேய் மலேசியா! ஊத்துடா, கேட்டுக்கிட்டு நிக்கிறான்!"