வரிசை சரி, நிறம் மட்டும் வரவில்லை

ஈ. கோலை பாக்டீரியாவில் ஒரு நொதியின் வாலில் சிவப்புப் புரதத்தைக் கோக்க நினைத்தேன். நொதி எவ்வளவு உருவாகிறது என்று நிறத்தை வைத்தே பார்த்துவிடலாம். மரபணு வாசிப்பைத் தொடங்கும் புரொமோட்டர், அதை முடிக்கும் டெர்மினேட்டர், சிவப்புப் புரதம் எல்லாம் பயோபிரிக் பாகங்களாக, அதாவது ஒன்றோடொன்று கோக்கத் தோதான முனைகள் கொண்ட டிஎன்ஏ துண்டுகளாக, கையில் இருந்தன.

2003-இல் எம்ஐடியின் டாம் நைட் முன்வைத்த முறை இது. பாகத்தின் முன்னால் எக்கோ-ஆர்-ஒன், எக்ஸ்பா-ஒன் என்னும் டிஎன்ஏ வெட்டும் நொதிகளுக்கான இடங்கள். பின்னால் ஸ்பீ-ஒன், பிஎஸ்டி-ஒன் நொதிகள் வெட்டும் இடங்கள். எக்ஸ்பா வெட்டிய முனையும் ஸ்பீ வெட்டிய முனையும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தை அப்புறம் இரண்டுமே வெட்டாது. அதனால் இணைத்ததே மறுபடி ஒரு பாகமாகிவிடும். இந்த யோசனையின் அழகு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

என் நொதியின் மரபணுவை பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுக்கும் முறை) பெருக்கி, வெட்டி, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் ஒரு பட்டை வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்தன. மரபணுவின் நடுவிலேயே பிஎஸ்டி-ஒன் தேடும் சிடிஜிசிஏஜி என்ற எழுத்து வரிசை இருந்திருக்கிறது. கணினியில் முன்பே தேடியிருந்தால் ஒரு நிமிட வேலை. அங்கே சிஏஜி ஒரு முழுக் கோடானாக (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) அமைந்திருந்ததால் அதைச் சிஏஏ ஆக்கினேன். இரண்டுமே குளுட்டமின்தான், புரதம் மாறாது.

அடுத்து வந்ததுதான் வாட்டியது. எல்லாவற்றையும் இணைத்து வளர்த்தால் காலனிகள் வெள்ளையாகவே இருந்தன. டிஎன்ஏ எழுத்துகளைப் படித்துச் சொல்லும் சீக்குவென்சிங் முடிவில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. இரண்டு வாரம் புரொமோட்டரையும் வெப்பநிலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் வரிசையை அச்செடுத்து, மும்மூன்று எழுத்தாகப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனேன். நொதியும் சிவப்புப் புரதமும் ஒட்டிய இடத்தில் 8 எழுத்துத் தழும்பு (இணைப்பில் மிஞ்சும் எழுத்துகள்): டிஏசி, டிஏஜி, ஏஜி. டிஏஜி நிறுத்தக் கோடான்! புரதம் கட்டும் ரைபோசோம் அங்கேயே இறங்கிவிட்டது. இறங்காமல் போயிருந்தாலும் 8 மூன்றால் வகுபடாது. அதற்குமேல் மும்மூன்றாக வாசிக்கும் சட்டகமே பிறழ்ந்திருக்கும். புரொமோட்டர் பக்கத்துத் தழும்பு புரதமாக வாசிக்கப்படுவதில்லை, அதனால் அங்கே இந்தச் சிக்கல் கிடையாது.

புரதங்களைக் கோப்பதற்கென்றே இருக்கும் ஆர்எஃப்சி 25 என்ற பயோபிரிக் தரத்துக்கு மாறினேன். அதன் தழும்பு ஏசிசி, ஜிஜிசி: திரியோனின், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள், சரியாக 6 எழுத்து. அது கேட்கும் கூடுதல் நொதிகள் வெட்டும் இடங்கள் என் மரபணுவுக்குள் இல்லை என்று இந்த முறை முதலிலேயே தேடிவிட்டுத்தான் பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ) கேட்டேன்.

தட்டை மறுநாள் காலை எடுத்தபோது காலனிகள் வெளிறித்தான் இருந்தன. மூடி வைத்துவிட்டேன். மாலையில் திறந்தேன், சிவப்பு.