இருபது நிமிடம்

எங்கள் வார்டுக்கு இந்த மாதம் மூன்று புதுப் பிள்ளைகள். பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு வந்தவர்கள், யூனிஃபார்மின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

முந்தாநாள் நைட் டூட்டி. மன்னார்குடிப் பக்கம் வயலில் வைக்கோல் அள்ளப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டதென்று தூக்கி வந்தார்கள். ரத்தம் உறைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பிள்ளையிடம் சொன்னேன். 2 மில்லி கச்சிதமாக எடுத்தாள், ஆனால் கை பிளாஸ்டிக் குழாய்க்குப் போனது.

"கண்ணாடிக் குழாய்ம்மா, புதுசு, ஈரம் இல்லாதது" என்றேன், மெதுவாக. பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று நம்மை ஏமாற்றும். கழுவி வைத்த குழாயில் சோப்பு மிச்சம் இருந்தாலும் அதே கதைதான்.

20 நிமிடம் அசைக்காமல் வைக்கணும். அவளுக்குப் பொறுமையில்லை, ஆறாவது நிமிடமே சாய்த்துப் பார்க்கப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன். நேரம் முடிந்து சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. விரியனாக இருக்கலாம் என்றார் டாக்டர். விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியதும், அலர்ஜி வந்தால் போட அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு அவள் கட்டிலை விட்டு நகரவேயில்லை.

நான் புதிதாகச் சேர்ந்தபோது ஒரு சீனியர் நர்ஸ், நோயாளி முன்னாலேயே என்னைப் பார்த்துக் கத்தினார். அப்புறம் பல மாதம் சந்தேகம் வந்தாலும் யாரிடமும் கேட்கவில்லை. நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

விடியற்காலையில் வந்து நின்றாள். "அக்கா, நான் குழாய் மாத்தி எடுத்ததை மேடம்கிட்ட சொல்லுவீங்களா?"

"போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா" என்றேன்.