கலம் எப்ப முடிவெடுக்குது?

கிளிநொச்சிப் பக்கம் முளைய விருத்தி படிப்பிக்கிறதில ஒரு வசதி, ஊர்க்கோழி முட்டைக்குப் பஞ்சமில்லை. சேவலோட திரியிற கோழி இட்டதெண்டா அநேகமா கருக்கட்டினதுதான், பண்ணையில இருந்து கடைக்கு வாற முட்டையில ஒண்டும் வராது. உயர்தரப் பிள்ளையளே வீட்டில இருந்து கொண்டுவருவினம், இன்கியுபேட்டரை 37.5 பாகையில விட்டிட்டு கரண்ட் நிக்கக்கூடாதெண்டு எல்லாரும் நேந்துகொண்டு திரிவம்.

மூண்டாம் நாள் ஓட்டில சின்ன ஓட்டை வெட்டிப் பாத்தா இதயம் துடிக்கிறது வெறுங்கண்ணுக்கே தெரியும். உடன வாற கேள்வி, "ரீச்சர், இந்தக் கலம் இதயமாத்தான் வாறதெண்டு எப்ப முடிவெடுத்தது?"

பாத்துச் சொல்லேலாது. ஒரு கலம் என்னவா வரப்போகுது எண்டுறது வேற, இனி அதை மாத்தேலாது எண்டுறது வேற, கன நோட்ஸுகள் இதை ரெண்டு வரியில முடிச்சிட்டுப் போறதில எனக்குச் சரியான எரிச்சல். இடம் மாத்தி வச்சாத்தான் தெரியும். ஜேர்மனியில ஹன்ஸ் ஸ்பீமன் அதைத்தான் செய்தவர், நியூட் எண்டுற வாலுள்ள ஈரூடகவாழியின்ர முளையத்தில நரம்பா வரவேண்டிய துண்டை வெட்டித் தோல் வாற இடத்தில வச்சார். கஸ்ட்ருலாவின்ர, அதாவது முளையத்தின்ர கலங்கள் உள்ளுக்க நகர்ந்து மூண்டு படையாப் பிரியிற கட்டத்தின்ர, தொடக்கத்தில வச்சா அது பேசாமத் தோலாகிட்டுது, கஸ்ட்ருலா முடியிற நேரம் வச்சா தோலுக்கு நடுவிலயும் நரம்பாத்தான் வந்தது. 1935 இல அவருக்கு நோபல் கிடைச்சது.

இதைச் சொல்லி முடிக்கேல்ல, பின் வாங்கில இருந்த பிள்ளை, "அப்ப ரீச்சர், கனடாவுக்குப் போன எங்கட மாமா ஆக்கள் மாதிரி, சின்னதுகள் அந்த ஊர்ப் பிள்ளையளாகிட்டுதுகள், அம்மம்மா அங்க போயும் முழங்காவில் அம்மம்மாதான்" எண்டாள். வகுப்பே சிரிச்சுது. நான் இவ்வளவு வருசமா இப்பிடி விளங்கப்படுத்தேல்ல.

ஆனா அம்மம்மாவோட கதை முடியேல்லை. 1962 இல ஜோன் கேர்டன் வாற்பேத்தையின்ர குடல் கலத்துக்குள்ள இருக்கிற கருவை (நியூக்கிளியசை) எடுத்து, சொந்தக் கருவை அழிச்ச தவளை முட்டைக்குள்ள வைக்க, சிலதில திரும்ப வாற்பேத்தை வந்தது. முடிவெடுத்த கலத்திலயும் பரம்பரையலகுகள் தொலையேல்லை, கனக்க மூடிக் கிடக்குது, அவ்வளவுதான். 2006 இல ஜப்பானில யமனாக்கா, பரம்பரையலகுகளைத் திறந்து மூடுற நாலு காரணிகளைக் குடுத்து எலியின்ர வளர்ந்த கலங்களையே எதுவாயும் வரக்கூடிய பழைய நிலைக்குத் திருப்பினார்.

இப்ப மூண்டு முளையப் படையில எதில இருந்து எந்த உறுப்பு வருகுது எண்டுற அட்டவணையைக் கடைசியாத்தான் போர்ட்டில எழுதுறன். முதலே எழுதினா கொப்பியில இறக்கிப்போட்டு இருந்திடுவினம், ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்.