ரெட் டாட் எதை நீக்குகிறது, எதை நீக்குவதில்லை: .22 ரைஃபிளில் இரண்டு வகைக் குறிகள்

ரூகர் 10/22 என்ற .22 ரைஃபிளைப் புதிதாக வாங்கியவர்கள் விரைவிலேயே கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு. ரைஃபிளோடு வரும் உலோகக் குறியான அயர்ன் சைட்டையே வைத்துக்கொண்டு பழகுவதா, அல்லது மேலே சிவப்பு ஒளிப்புள்ளியால் குறிபார்க்கும் ஒரு ரெட் டாட்டைப் பொருத்திவிடுவதா என்பதே அது. ஓஹையோவில் நான் சுடப் போகும் ரேஞ்சிலும் இந்தப் பேச்சு ஓய்வதில்லை. பெரும்பாலும் இந்த ஒப்பீடே தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது என் கருத்து. தொழிற்சாலையிலிருந்து வரும் மிக எளிய திறந்த குறியை ஒரு பக்கமும், நல்ல ரெட் டாட்டை மறுபக்கமும் வைத்துவிட்டு, அயர்ன் சைட் என்ற முறையே காலாவதியாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையான எல்லைக்கோடு இரும்புக்கும் மின்விளக்குக்கும் நடுவில் இல்லை. பின்குறியில் உள்ள திறந்த வெட்டுக்கும், அதற்குப் பதிலாக வைக்கும் சிறு துளைக்கும் நடுவில்தான் இருக்கிறது.

1964-இல் அறிமுகமான 10/22-இன் வழக்கமான கார்பைன் (குட்டை ரைஃபிள்) வடிவத்தில், சுடுகுழாயின் முனையில் பொன்னிற மணி வைத்த முன்குறியும், குழாயின் மேலேயே மடக்கக்கூடிய ஒரு தகட்டுப் பின்குறியும் உள்ளன. சுடுபவரின் கண் மூன்று பொருள்களைக் கவனிக்க வேண்டும்: கைக்கெட்டும் தொலைவில் பின்குறியின் வெட்டு, சற்றுத் தள்ளி முன்குறியின் மணி, அவற்றுக்கெல்லாம் அப்பால் இலக்கு. மனிதக் கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தொலைவைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும் என்பதால், முன்குறியைத் தெளிவாகவும் மற்ற இரண்டையும் மங்கலாகவும் பார்க்கப் பழகுவதே இந்த முறையின் அடிப்படைப் பாடம். தமிழ்நாட்டில் கல்லூரிக் காலத்தில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டவர்களுக்கு இது நினைவிருக்கும்.

அந்த மணியின் அளவையும் கணக்கில் கொள்ள வேண்டும். கண்ணிலிருந்து 70 செ.மீ. தொலைவில் இருக்கும் 1.5 மி.மீ. அகலமுள்ள மணி, 50 மீட்டர் தொலைவில் பத்து சென்டிமீட்டருக்கும் மேலான பரப்பை மறைத்துவிடும். அதே தொலைவில் 2 எம்.ஓ.ஏ. அளவுள்ள சிவப்புப் புள்ளி மறைப்பது ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே. எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு; 100 கெஜத்தில் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் மறைக்கும் பரப்பு வேறு, குறியின் நுட்பம் வேறு. மணியை இலக்கின் நடுவில் வைக்காமல், கறுப்பு வட்டத்தின் அடிவிளிம்பைத் தொட்டபடி வைத்துச் சுடுபவருக்கு மணி எதையும் மறைப்பதில்லை.

திறந்த குறியின் உண்மையான பலவீனம் இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள நீளத்தில் இருக்கிறது. அந்த நீளம் 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முன்குறி அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினாலும் 50 மீட்டரில் தோட்டா 6 செ.மீ.க்கு மேல் விலகிப் போகும். அதே நீளத்தை 60 செ.மீ. ஆக்கினால் விலகல் ஏறத்தாழ 4 செ.மீ.யாகக் குறையும். பின்குறியைக் குழாயின் மேலிருந்து எடுத்து, கண்ணுக்கு அருகில் ரிசீவரின் (இயங்கும் பாகங்கள் அடங்கிய உடற்பகுதியின்) பின்முனைக்குக் கொண்டுவந்து, வெட்டுக்குப் பதிலாக ஒரு சிறு துளையை வைத்தால் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. டெக் சைட்ஸ் நிறுவனம் 10/22-க்கெனச் செய்யும் துளைக்குறிகள் இதைத்தான் செய்கின்றன. பீப் சைட் என்று எல்லோரும் அழைக்கும் இந்தத் துளையைக் கண் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. அதன் வழியாகப் பார்த்தால் போதும், முன்குறியைக் கண் தானாகவே நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். துளை சிறிதாக இருப்பதால் முன்குறியும் இலக்கும் ஒரே சமயத்தில் ஓரளவு தெளிவாகத் தெரியும். கவனிக்க வேண்டியவை மூன்றிலிருந்து இரண்டாகின்றன.

இந்த வேறுபாட்டைப் போட்டி விதிகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு நடத்தும் ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் அடித்து வெடிக்கும் .22 போன்ற தோட்டா வகை) ஸ்போர்ட்டர் போட்டியில், திறந்த குறியுள்ள ரைஃபிள்களுக்கு ஓ வகுப்பு என்றும், தொலைநோக்கியோ துளைக்குறியோ உள்ளவற்றுக்கு டி வகுப்பு என்றும் பிரித்திருக்கிறார்கள். கண்ணாடி வில்லை ஏதுமில்லாத ஒரு துளையை, உருப்பெருக்கும் தொலைநோக்கியோடு ஒரே பந்தியில் அமர்த்தியிருப்பதை முதலில் பார்த்தபோது வியந்தேன். பீப் சைட்டில் பழகிய பிறகு அந்த முடிவின் நியாயம் புரிந்தது. ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே. 2 எம்.ஓ.ஏ. சிவப்புப் புள்ளி அந்தத் தொலைவில் அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேலான அகலத்தை மூடிவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றதும் .22 ரிம்ஃபயர் ரைஃபிளில், துளைக்குறியின் வழியாகப் பார்த்துத்தான்.

அப்படியானால் ரெட் டாட்டுக்கு எங்கே இடம்? கடிகாரம் ஓடும் இடத்தில் அதற்கு நிகரில்லை. இதன் அடிப்படைத் தத்துவம் புதியதன்று. பிரதிபலிப்புக் குறியை அயர்லாந்தைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் 1900-இலேயே வடிவமைத்துவிட்டார். ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975-இல் மின்புள்ளிக் குறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிறிய எல்.இ.டி. ஒன்று பின்னாலிருந்து வில்லையின் மீது ஒளியைப் பாய்ச்ச, வில்லையின் பூச்சு சிவப்பு நிறத்தை மட்டும் இணைகதிர்களாகக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. இணைகதிர்கள் என்பதால் புள்ளி வெகு தொலைவில் மிதப்பதுபோல் தெரிகிறது. கண் இலக்கை மட்டும் பார்த்தால் போதும். இரண்டு கண்களையும் திறந்தே வைத்திருக்கலாம். புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே தோட்டா போகும்.

ஸ்டீல் சேலஞ்ச் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து எஃகுத் தகடுகள் நிற்கும். கடிகாரத்தை நிறுத்தும் தகட்டைக் கடைசியில் அடிக்க வேண்டும். எடுத்துக்கொண்ட நேரமே மதிப்பெண். பெரிய தகடுகள் அருகில் நிற்கும் ஸ்மோக் அண்ட் ஹோப் என்ற கட்டத்தில், பழகிய ஒருவர் ரெட் டாட்டோடு ஐந்து தகடுகளையும் அடிக்கும் ஒலி ஏறத்தாழத் தொடர்ச்சியாகவே கேட்கும். ரிம்ஃபயர் ரைஃபிளுக்கு அங்கே அயர்ன் சைட் பிரிவும், ரெட் டாட் போன்ற ஆப்டிக்கை அனுமதிக்கும் ஓப்பன் பிரிவும் தனித்தனியாக வைக்கப்பட்டிருப்பது, இரண்டையும் ஒரே தட்டில் நிறுப்பது நியாயமன்று என்பதால்தான். ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது அயர்ன் சைட் சுடுபவர் பார்வையை இலக்கிலிருந்து முன்குறிக்கு மீட்டுக்கொண்டுவர வேண்டும். ரெட் டாட்காரர் அடுத்த தகட்டைப் பார்த்தபடியே இருக்க, புள்ளி அங்கே வந்து சேர்கிறது. இந்தச் சிறு மீட்பு ஒவ்வொரு தகட்டிலும் சேர்ந்து சேர்ந்து பெரும் வேறுபாடாகிவிடுகிறது.

வயதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நாற்பதைக் கடந்த பின் கண்ணின் வில்லை இறுகி, அருகிலுள்ளவற்றைக் கூர்மையாகக் காணும் திறன் குறைந்துகொண்டே வருகிறது. எனக்கும் முன்குறியின் விளிம்பு பஞ்சுபோல் தெரியத் தொடங்கியபோது, திறந்த குறியோடு என் தோட்டாக்கள் மேலும் கீழுமாகச் சிதறத் தொடங்கின. இந்த நிலையில் ரெட் டாட் பொருத்திக்கொள்வதை ஏதோ குறுக்குவழிபோல் பேசுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு நாளிதழ் படிப்பவரை யாரும் குறை சொல்வதில்லையே.

ஆனால் கண்ணில் சிதறல்பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்களுக்கு ரெட் டாட் எப்போதும் உதவுவதில்லை. விழிவெண்படலம் (கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலமான கார்னியா) சீரான கோள வடிவில் இல்லாவிட்டால், வட்டமான புள்ளி வால்முளைத்த கீற்றாகவோ, சிதறிய நட்சத்திரமாகவோ, ஒட்டிய இரண்டு புள்ளிகளாகவோ தெரியும். பலர் இதைக் கருவியின் பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கைப்பேசிக் கேமராவை வில்லையின் பின்னால் வைத்துப் படம் எடுத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்: படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் கோளாறு கண்ணில்தான். வெளிச்சத்தைக் குறைப்பது ஓரளவு உதவும். ஒரு சிறு துளையின் வழியாகப் புள்ளியைப் பார்த்தால் அது மேலும் கூர்மையாகிவிடும். அதுவும் போதாதவர்களுக்கு, கோடுகள் கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டு, கண்ணுக்கு ஏற்பத் திருகிச் சரிசெய்யக்கூடிய பிரிசம் குறிகள் பொருத்தமானவை. சிதறல்பார்வை இல்லாதவர்களும் புள்ளியை அளவுக்கு மீறி ஒளிரவிடுகிறார்கள் என்பது நான் ரேஞ்சில் அடிக்கடி காண்பது. பிரகாசம் கூடினால் புள்ளி வீங்கிப் பெரிதாகத் தெரியும், 2 எம்.ஓ.ஏ. என்று பணம் கொடுத்து வாங்கியது நான்கைப்போல் ஆகிவிடும்.

வெளிச்சம் அயர்ன் சைட்டையும் ஏமாற்றும். மணியின் இடப்பக்கத்தில் வெயில் பட்டால் அந்த ஒளிரும் பகுதியையே மணியின் நடுவென்று கண் எடுத்துக்கொள்ளும். முன்குறி வலப்பக்கம் நகர்ந்துவிடும். தோட்டாவும் வெயில் வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் விலகும். போட்டிச் சுடுநர்கள் முன்குறியைக் கார்பைடு விளக்கின் புகையில் கறுப்பாக்கிக்கொள்வது இதற்காகத்தான். மாலை மங்கிய பின், அணில் வேட்டைக்குப் போகும் அடர்ந்த காட்டு நிழலில், கறுத்த முன்குறி கறுத்த மரத்தோடு கலந்துவிடும். அங்கே ரெட் டாட்டுக்கே முதலிடம்.

ரெட் டாட்டின் உயரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அயர்ன் சைட் குழாயை ஒட்டியே இருக்கிறது. ரெட் டாட்டோ தன் அடிப்பலகையோடு சேர்ந்து குழாயின் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அங்குல உயரத்தில் நிற்கிறது. நேரத்துக்கு நேரம் வேறுபடும் காற்றைவிட இது ரிம்ஃபயரில் முக்கியமானது, ஏனெனில் நாம் சுடும் தொலைவுகள் மிகக் குறைவு. வேகமான 40 கிரெய்ன் (ஏறத்தாழ 2.6 கிராம்) எடையுள்ள .22 லாங் ரைஃபிள் தோட்டாவை 50 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்தால், 25 கெஜத்தில் ஏறத்தாழ அதே புள்ளியில் விழும். 10 கெஜத்தில் அரை அங்குலத்துக்கு மேல் தாழ்ந்து விழும். 100 கெஜத்தில் ஆறு அங்குல அளவுக்கு இறங்கிவிடும். எனவே 10 கெஜத்தில் சிறிய இலக்கை அடிப்பவர் புள்ளியைச் சற்று மேலே வைக்க வேண்டும். அயர்ன் சைட்டில் இந்தக் கவலை ஏறக்குறைய இல்லை.

சரிசெய்வதில் ரெட் டாட் வெகு எளிது. பெரும்பாலானவற்றில் ஒரு கிளிக் 1 எம்.ஓ.ஏ.; 25 கெஜத்தில் நான்கு கிளிக் ஓர் அங்குலம். 10/22-இன் தொழிற்சாலைப் பின்குறியைப் பக்கவாட்டில் நகர்த்தப் பித்தளைக் குச்சியும் சுத்தியலும் வேண்டும். தோட்டா எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின்குறியைத் தட்ட வேண்டும். பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கருவிகள் வருடக்கணக்கில் ஓடுகின்றன. மலிவானவற்றை அணைக்க மறந்தால் அடுத்த வாரம் இருளாக இருக்கும். .22-இன் பின்னுதைப்பு மிகக் குறைவென்பதால், பெரிய ரைஃபிளில் தாங்காத நூறு டாலருக்குட்பட்ட ரெட் டாட்டும் இதில் நன்றாகவே நிலைக்கிறது. வெளியேறும் வெடிமருந்துக் கரி முன்வில்லையில் படிவதை மட்டும் துடைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு குறிகளும் சுடுபவரிடம் வேறுவேறு பிழைகளைக் காட்டிக்கொடுக்கின்றன என்பதே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ரைஃபிளின் பின்கட்டையில் கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படியாவிட்டால், அயர்ன் சைட்டில் குறிகளின் வரிசை உடனே குலைந்து தெரியும். சுடுவதற்கு முன்பே திருத்திக்கொள்ளலாம். ரெட் டாட் அந்தப் பிழையை மன்னித்துவிடுகிறது. முழுவதும் மன்னிப்பதில்லை; புள்ளி வில்லையின் ஓரத்துக்குப் போனால் குறுகிய தொலைவுகளில் சற்றே இடம் மாறும். ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் வைத்துத் தலையை மட்டும் அசைத்துப் பார்த்தால் அது தெரியும். மறுபுறம், கையின் நடுக்கத்தை ரெட் டாட் ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. விசையை இழுக்கும் கணத்தில் புள்ளி எங்கே தாவியது என்பதைப் பயிற்சியாளர் கேட்டால், ரெட் டாட் வைத்திருப்பவரால் சொல்ல முடியும். திறந்த குறியில் சுடுபவர் பெரும்பாலும் அதைக் காண்பதே இல்லை. விசையை வெடுக்கென்று இழுப்பதையும், மூச்சை அடக்கத் தவறுவதையும் எந்தக் குறியும் திருத்தாது. மலிவான தோட்டாவின் சிதறலையும் திருத்தாது. 50 கெஜத்தில் இரண்டு அங்குலம் சிதறும் தோட்டாவுக்கு எந்தக் குறியை வைத்தும் பயனில்லை.

ஆகவே புதிதாகக் கற்பவருக்கு, கண் ஒத்துழைக்குமானால், துளைக்குறியைத்தான் முதலில் பரிந்துரைக்கிறேன். அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய புராஜெக்ட் ஆப்பிள்சீட் என்ற ரைஃபிள் பயிற்சி முகாம்களுக்கு 10/22-இல் பீப் சைட் பொருத்திக்கொண்டு வருபவர்கள் பலர். அங்கே 25 மீட்டரிலேயே, 400 கெஜம்வரையிலான தொலைவுகளுக்கு ஏற்பச் சுருக்கப்பட்ட இலக்குகளைச் சுட்டுப் படுக்கையிலும் அமர்ந்தும் நின்றும் பழகுகிறார்கள். கன்னம் வைக்கும் இடமும் விசையும் கைவந்த பிறகு ரெட் டாட்டுக்கு மாறுபவருக்கு அது உண்மையான வேகத்தைத் தரும். என் மகள் இந்த வரிசையில்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள். சிறு குழந்தைக்கு, அல்லது ஒரே ஒரு மாலை மட்டும் ரேஞ்சுக்கு வரும் விருந்தினருக்குக் கற்றுக்கொடுக்கும்போது இந்த விதியை நான் பின்பற்றுவதில்லை. பாதுகாப்பு விதிகளை மனத்தில் பதிப்பதற்கே அவர்களுடைய கவனம் முழுவதும் தேவைப்படுகிறது. குறி பார்ப்பதை ரெட் டாட்டிடம் விட்டுவிடலாம்.

இப்போது என் ரைஃபிளில் இரண்டும் இருக்கின்றன. ரிசீவரின் பின்முனையில் பீப் சைட், அதன் முன்னால் கழற்றி மாட்டக்கூடிய அடிப்பலகையில் ஒரு 2 எம்.ஓ.ஏ. ரெட் டாட். ஸ்டீல் சேலஞ்ச் நாள்களில் ரெட் டாட்டை மாட்டுகிறேன். காகித இலக்கில் பொறுமையாகச் சுடும் நாள்களில் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். கழற்றி மாட்டிய பின் 25 கெஜத்தில் சில தோட்டாக்களைச் சுட்டுப் புள்ளி இடம் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் போட்டிக்குப் போவதில்லை.