இரும்புப் பனையின் காவோலை

கொக்குவில் பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் வரைபட வேலை செய்கிறேன். கேற், கிறில், மாடிப்படிக் கைபிடி, தண்ணீர்த் தாங்கிக்கு நிலை. எங்கள் பட்டறையிலிருந்து வெளியே போவதில் முக்கால்வாசி இவைதான். 2023 பங்குனியில் ஒரு ஐயா வந்து, தன்னுடைய கலியாண மண்டபத்து முற்றத்துக்கு இரும்பில் ஒரு பனை வேண்டும் என்றார். 6 மீற்றர் உயரம். இரவில் விளக்கு எரிய வேண்டும். ஆவணிக்குள் முடிய வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இரும்புப் பனை எதற்கு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. எங்கள் பட்டறையின் பின்வேலிக்கு அப்பால் ஒரு பனங்கூடலே நிற்கிறது. பனங்கொட்டை நாலைந்து ஊன்றிவிடலாமே என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "தென்னை வைச்சவன் திண்டு சாவான், பனை வைச்சவன் பாத்துச் சாவான் எண்டு சொல்லுவினம் பிள்ளை. எனக்கு இப்ப அறுபத்தெட்டு. நான் பாக்கவும் மாட்டன்" என்றார். கனடாவில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியை எடுத்து அளவு எழுதத் தொடங்கினேன்.

அன்றிரவே முதல் வரைபடம் முடிந்துவிட்டது. பனையை எனக்குத் தெரியாதா? நேரான தண்டு, உச்சியில் எல்லாத் திசைக்கும் ஒரே அளவில் விரிந்த விசிறிகள். விடிய அதைப் பட்டறையின் மூத்த வெல்டரிடம் காட்டினேன். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உது பனை இல்லைப் பிள்ளை, குடை."

பிறகு என்னைப் பின்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "மேல பாக்காதை, கீழ பார். காவோலை எங்கை?"

பார்த்தேன். உச்சியின் நடுவில் குருத்து, மூடிய விசிறி மாதிரி நிமிர்ந்து நின்றது. அதைச் சுற்றிப் பச்சைச் சார்வோலைகள் பக்கவாட்டில் விரிந்திருந்தன. அவற்றுக்கும் கீழே, மட்டை மடிந்து, தண்டை ஒட்டினபடி காவோலைகள், அதாவது காய்ந்துபோன பழைய ஓலைகள், தொங்கின. காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்பதைப் பள்ளிக்கூட நாளிலிருந்து எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஆனால் நான் வரைந்த பனையில் விழுகிறதற்கு ஒரு காவோலையும் இல்லை. பழமொழி எனக்குத் தெரிந்திருந்தது, மரம் தெரிந்திருக்கவில்லை. அடுத்த ஒரு கிழமை கணினியைத் திறக்கவில்லை. வேலிக்கரையிலேயே நின்று வரைந்தேன்.

கவனித்துப் பார்க்கப் பார்க்க, அந்த மரத்தில் சும்மா இருக்கிற ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ஒரு சார்வோலையை வெட்டி வாங்கி மடிப்பை எண்ணினேன்: 68. கடதாசி மாதிரி மெல்லியதான ஓர் ஓலை, ஒரு மீற்றருக்கு மேல் அகலமாக விரிந்து, தொய்யாமல் நிற்பது இந்த மடிப்பால்தான். நாங்கள் 1.5 மில்லிமீற்றர் தகட்டில் மடிப்பில்லாமல் ஒன்று வெட்டிப் பார்த்தோம். மட்டையில் பொருத்தியதும் நுனி தொங்கிவிட்டது, கை பட்டால் தகரக் கதவு போல அதிர்ந்தது. அதே தகட்டில் 22 மடிப்பு வைத்ததும் நிமிர்ந்து நின்றது. தகட்டின் தடிப்பைக் கூட்டியிருந்தாலும் நின்றிருக்கும். ஆனால் 1.5 மில்லிமீற்றர்த் தகடே சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 12 கிலோ. 24 ஓலையையும் உச்சியில் ஏற்ற வேண்டும். பனை கண்ட வழியை விட்டுவிட்டு இரும்பை அள்ளிக் கொட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

மடிப்பது லேசான வேலை இல்லை. மடிப்பு எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து போகிறது. தகடு மடிக்கிற இயந்திரம் இணையான கோடுகளுக்குத்தான் சரி. அண்ணை ஒவ்வொரு மடிப்பையும் கையால் அடித்து எடுத்தார். பட்டறை மூலையில் இரண்டு முழ நீளத்தில் ஒரு தண்டவாளத் துண்டு கிடக்கிறது. அதன் விளிம்பில் தகட்டை வைத்து, மரச் சுத்தியலால் நுனியிலிருந்து அடி நோக்கி அடித்துக்கொண்டு வருவார். ஓர் ஓலைக்கு அரை நாள்.

அந்தத் தண்டவாளம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். வேலையை நிறுத்தாமலே சொன்னார். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. அதன் பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கிப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போட்டார்கள். காவலரண்களுக்குப் பனைகளைத் தறித்தார்கள். தண்டவாளமும் பனங்குற்றியும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார். அந்த வருடங்களில் இரும்பு இங்கே வரவிடாத பொருட்களில் ஒன்று. சீமெந்தும் பற்றரியும் அப்படித்தான். அவர் தொழில் பழகியது பழைய கேற்றுகளை வெட்டி, நிமிர்த்தி, திரும்ப ஒட்டித்தான். 2014இல் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. அந்தத் துண்டு மட்டும் எப்படியோ அவரிடம் தங்கிவிட்டது. "நல்ல இரும்பு. இப்ப உப்பிடி வராது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மடிப்புக்குத் தகட்டைத் திருப்பினார். அன்றைக்கு நான் கணக்குப் பார்க்க வேண்டியது நிறைய இருந்தது. ஆனாலும் பின்னேரம் வரைக்கும் அவர் பக்கத்திலேயே தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கணக்கு என்று சொன்னது காற்றைத்தான். அலங்கார வேலைதானே என்று இதைத் தவறவிடுகிறவர்கள் உண்டு, அது பெரிய பிழை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். செக்கனுக்கு 40 மீற்றர் வேகத்தில் அடிக்கும் புயற்காற்று, எதிரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறக்குறைய 100 கிலோ எடையளவு தள்ளும். எங்கள் பனையின் தலை காற்றுக்குக் காட்டும் பரப்பு 6 சதுர மீற்றர் என்று எடுத்து, வடிவத்துக்காகக் கொஞ்சம் கூட்டிப் போட்டால், 700 கிலோ உச்சியில் நின்று தள்ளுவது போல. கீழே குழந்தைகள் ஓடித் திரியும் முற்றம். அதனால் தண்டின் உள்ளே 8 அங்குலக் குழாய், 6 மில்லிமீற்றர்ச் சுவர் என்று முடிவு செய்தேன். உண்மையான ஓலை நுனியிலிருந்து பாதி வரை கிழிந்துதான் இருக்கும், காற்று அதற்குள்ளால் போய்விடும். எங்கள் ஓலையையும் பாதி வரை கீறிவிட்டோம்.

அத்திவாரம் ஆழமாகப் போட நினைத்தேன். மூன்றடி போக முதலே சுண்ணாம்புக்கல் வந்துவிட்டது. இந்தக் குடாநாட்டில் மண் ஒரு போர்வைதான், கீழே எல்லாம் கல். ஆழத்தை விட்டு அகலத்துக்குப் போனோம்: 2 மீற்றர்ச் சதுரம், 90 சென்றிமீற்றர் ஆழம். எட்டரைத் தொன் கொங்கிறீற் அந்த மரத்தின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காற்றை விட எனக்குப் பயம் உப்பில். 2019இல் ஒரு கடைவாசலுக்கு இரும்புக் கொடி ஒன்று வரைந்தேன். கடற்கரையோரக் கடை. துருத்தடுப்புப் பூச்சு ஒன்று, மேலே இரண்டு கை பெயின்ற், அவ்வளவுதான். வாடைக்காற்றும் மழையும் ஒரு தரம் வந்துபோன பிறகு இலைக்காம்பு ஒவ்வொன்றிலிருந்தும் செம்மண் நிறத்தில் கண்ணீர் வடிந்திருந்தது, வெள்ளைச் சுவர் முழுக்க. கடைக்காரர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இந்த மண்டபம் கடல்நீரேரியிலிருந்து கூப்பிடு தூரம். எவர்சில்வரில் செய்யலாம்தான். ஆனால் சமையலறைப் பாத்திரத்தில் இருக்கும் சாதாரண எவர்சில்வரே உப்புக்காற்றில் தேத்தண்ணிக் கறை போலப் புள்ளி விழும். கடலுக்குத் தாங்கும் 316 இலக்க வகையில் மொலிப்டினம் சேர்ந்திருக்கும், அந்த விலைக்கு மண்டபத்து ஐயா தயாராக இல்லை. அதனால் கல்வனைஸ், அதுவும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிற வகை.

அந்த முடிவு முழு வரைபடத்தையும் மாற்றிவிட்டது. முக்குகிற தொட்டி தெற்கே. துண்டுகளை லொறியில் ஏற்றி 400 கிலோமீற்றர் அனுப்ப வேண்டும், தொட்டிக்குள் அடங்க வேண்டும், திரும்பி வந்த பிறகு வெல்டிங் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்துபோகும், அதன் புகை வேலை செய்கிறவருக்குக் காய்ச்சலையும் கொண்டுவரும். ஆக மரம் முழுவதும் போல்ற்றில் கழன்று பூட்டும்படி இருக்க வேண்டும். அடைபட்ட குழாய் ஒன்றும் இருக்கக் கூடாது. தொட்டியின் சூடு 450 பாகை, உள்ளே காற்றோ ஈரமோ சிக்கினால் குழாய் வெடிக்கும். ஒவ்வொரு மட்டைக்கும் இரண்டு துளை, தண்டைச் சுற்றி வரும் ஒவ்வொரு வளையத்துக்கும் அடியில் ஒரு துளை. அதே துளையால் பிறகு மழைத்தண்ணீரும் வடிந்துவிடும். தண்ணீர் எங்கே நிற்கும் என்று யோசித்து யோசித்து, மழை பெய்யும்போது குடையோடு வேலிக்கரையில் நின்று பனையில் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்றுகூடப் பார்த்தேன்.

இனி காவோலைக்கு வருகிறேன். 24 ஓலையில் கீழ்வரிசை ஆறையும் காவோலையாகத் தொங்கவிட்டிருந்தேன். ஐயா வரைபடத்தைப் பார்த்து எல்லாம் நல்லது என்றார். பிறகு அந்த ஆறின் மேல் விரலை வைத்தார்.

"கலியாணம் நடக்கிற இடம் பிள்ளை. வாசலிலை காஞ்ச ஓலை தொங்கக் கூடாது."

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் அந்த வழியால்தான் உள்ளே போகப் போகிறார்கள். அண்ணை மட்டும் விடவில்லை. காவோலை இல்லாத பனை வளர்ந்த பனை இல்லை, அதைத் தாங்கள் செய்ய மாட்டோம் என்று சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை. ஆறையும் தாழ்த்தியே வைத்து, மற்ற ஓலைகளின் பச்சையையே அடிப்பது என்று ஒத்துக்கொண்டேன். வடிவம் காவோலை, நிறம் சார்வோலை. அப்படி ஓர் ஓலை எந்தப் பனையிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். அது நெஞ்சில் முள் மாதிரி இருந்தது.

ஆவணி கடைசியில் மரம் ஏறியது. கிரேன் வந்து இரண்டு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. விளக்கும், மின்கசிவை நிலத்துக்கு இறக்கும் மண்கம்பியும் இன்னொருவர் பொறுப்பு. இரும்பு மரத்தைத் தொடாத குழந்தை இருக்காது என்பதால் அந்த மண்கம்பியை மட்டும் நானே நின்று பார்த்தேன். முதல் சோளகக் காற்றில் கீழோலைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. காவோலை சரசரக்கிற சத்தம் இல்லை, தகரச் சத்தம். காவலாளி இரவில் நித்திரை இல்லை என்றார். மட்டைக்கு மட்டை ரப்பர் வளையம் போட்டுச் சரிசெய்தோம்.

2024 மாசியில் நானும் அண்ணையும் பார்வையிடப் போனோம். அப்போது முழு மழைக்காலமும் கழிந்திருந்தது. மேலே உள்ள ஓலைகள் நேற்றுப் பூசியது போல இருந்தன. கீழ்வரிசை ஆறிலும் பெயின்ற் பொருக்காக உரிந்திருந்தது. ரப்பர் போட முன்பு உரசிய இரண்டு மூன்று இடங்களில் துரு எட்டிப் பார்த்தது. காரணம் விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மேல் ஓலைகளை மழை கழுவிவிடுகிறது. கீழோலைகள் அவற்றின் நிழலில் நனையாமல் தொங்குகின்றன, காற்று கொண்டுவந்த உப்பு அங்கேயே படிந்து கிடக்கிறது. மழையில் நனையாத இடம்தான் பத்திரம் என்று நான் நினைத்திருந்தேன். கடற்காற்றில் அது நேர்மாறு. கல்வனைஸ் மேல் பூச முன்பு செய்த அமிலக் கழுவலும் அந்த ஆறுக்கும் சரியாகப் படவில்லைப் போல.

பெயின்ற்றைச் சுரண்டினோம், நல்ல தண்ணீரால் கழுவினோம், துருவைத் தேய்த்து எடுத்து அந்த இடங்களில் துத்தநாகப் பூச்சு அடித்தோம். பச்சை அடிக்க அது காய வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மதில் நிழலில் உட்கார்ந்தோம். ஐயாவும் வந்து கதிரை போட்டு இருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பனை, அதிலிருந்து விழுந்த காவோலை ஒன்று இந்தப் பக்கம் கிடந்தது. அண்ணை கையைக் கழுவிவிட்டு, அதிலிருந்து ஒரு கீற்றைப் பிய்த்துக்கொண்டு ஏணியில் ஏறினார். அதைத் தொங்கும் இரும்போலையின் மேல் வைத்துப் பிடித்தார்.

நான் காவோலை பழுப்பு என்றே நினைத்திருந்தேன். அது சாம்பல் நிறம். வெயிலிலும் மழையிலும் நாள்பட்டுக் கிடந்த ஓலை, பூச்சு உரிந்த துத்தநாகத்தோடு ஒட்டிப் போயிருந்தது. எது ஓலை எது தகடு என்று கீழே இருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஐயா எழும்பி வந்து அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. முதல்நாள் இரவு மண்டபத்தில் யாருடையதோ கலியாணம் நடந்திருந்தது, முற்றத்தில் பூவிதழ் இன்னும் கிடந்தது.

"பச்சைப் பெயின்ற் தகரத்தைத் திறந்திட்டியளோ?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை ஐயா."

"அப்ப திறக்க வேண்டாம். உது உப்பிடியே கிடக்கட்டும்."