சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டுகிறோம்

டிசம்பர் 6

தங்கச்சி சிங்கப்பூரில் இருந்து யூனிவர்சல் ஸ்டூடியோஸ் விளையாட்டுப் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். இனிப் பின்வாங்க முடியாது. இன்று பாஸ்போர்ட்டுகளை அலுமாரியில் இருந்து எடுத்துத் திகதிகளைப் பார்த்தேன். போய் இறங்கும் நாளில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். எல்லோருடையதும் சரி. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை. இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசாங்கத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் எதற்குள்ளும் போகாதீர்கள்.

டிசம்பர் 8

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைக் கதவு நிலையோடு நிறுத்தி உயரம் அளந்தோம். சப்பாத்து இல்லை, குதி நிலையில் முட்ட வேண்டும், தலைக்கு மேல் ஒரு கொப்பி, பென்சிலால் கோடு. மூத்தவள் 134 செ.மீ. சின்னவன் 118.

பூங்காவில் சவாரிக்குச் சவாரி இத்தனை செ.மீ. உயரமாவது வேண்டும் என்று இருக்கிறது. மூத்தவளுக்குத் தடை ஒன்றும் இல்லை. சின்னவனுக்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் (102), ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரி (107) இரண்டும் கிடைக்கும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் போதும். இருட்டுக்குள் ஓடும் மம்மி சவாரிக்கு 122 வேண்டும், பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர்கோஸ்டருக்கு 125. அவன் மாதக்கணக்காகப் படம் பார்த்துக் கனவு கண்டது அந்த இரண்டையும்தான்.

இவருக்கு இப்போதே சொல்ல விருப்பமில்லை. “அங்க போய்ப் பாப்பம், இப்ப ஏன் பிள்ளையின்ர மனசை நோகப் பண்ணுறாய்?” எனக்கு அது சரியாகப் படவில்லை. வெயிலில் வரிசையில் நின்று வாசலுக்கு வந்த பிறகு அளவுகோலைக் காட்டித் திருப்பினால் அந்த இடமே அவனுக்கு வெறுத்துப் போகும். வீட்டில் அழுதால் மடியில் வைத்துக் கதைக்கலாம்.

சொன்னேன். “சப்பாத்துக்குள்ள துணி வைச்சா?” என்று கேட்டான். உடம்பைப் பிடித்துக்கொள்ளும் அந்தக் கம்பி அந்த உயரத்துக்கு என்றே செய்தது, குறைந்தால் பிடிக்காது என்று விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் தண்ணீர்ச் சவாரியில் இரண்டு தரம் ஏற்ற வேண்டும் என்று பேரம் பேசினான். அதற்கு ஓம் என்றோம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சின்னவனோடு ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் மூத்தவளோடு ஏறலாம். பிறகு ஆள் மாறலாம். வாசலில் நிற்கும் ஊழியரிடம் முதலே சொன்னால் மறுபடி முழு வரிசை நிற்கத் தேவையில்லை.

டிசம்பர் 9

அம்மா வரமாட்டேன் என்று நிற்கிறா. “எனக்கேன் பிள்ளை உதெல்லாம்? முழங்கால் ஏலாது.” அம்மா இல்லாமல் நான் போவதாக இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி வாடகைக்கு உண்டு. வாட்டர்வேர்ல்ட் என்ற தண்ணீர்ச் சாகசக் காட்சியை இருந்தே பார்க்கலாம், முன் வரிசை நனையும் என்பதால் பின்னுக்கு இருப்போம். கடைசியில் அம்மாவைச் சம்மதிக்க வைத்தது சிலோன் ரோட்டில் இருக்கும் செண்பக விநாயகர் கோயில்தான். நம் ஊர்ச் சனங்கள் அங்கே குடியேறிய காலத்துக் கோயில். பட்டுச் சேலை ஒன்றை அம்மாவே எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டா.

டிசம்பர் 11

மழை விடவில்லை. கொடியில் இருந்த உடுப்புகளை விறாந்தைக்கு மாற்றி, ஃபேன் போட்டும் ஜீன்ஸ் காயவில்லை. அதனால் ஜீன்ஸை விட்டுவிட்டேன். டிசம்பரில் சிங்கப்பூரிலும் மழைதான். சவாரியில் வேறு நனைவோம். மெல்லிய பருத்திக் கழுசான், கெதியாய்க் காயும் சட்டை, ஆளுக்கொரு மழைக்கோட்டு, சின்னத் துவாய். மின்னல் வந்தால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே வெளியே இருப்பதைக் காலையிலேயே முடிப்பது என்று முடிவு.

பிள்ளைகளுக்குப் புதுச் சப்பாத்து வாங்கச் சொல்லி மாமி காசு தந்தா. காசை வைத்திருக்கிறேன், பழையதையே போடுவார்கள். நாள் முழுக்க நடக்கும் இடத்துக்குப் புதுச் சப்பாத்து கால் கடிக்கும்.

டிசம்பர் 13

தங்கச்சிக்குக் கொண்டுபோகும் பார்சல்கள் வந்துவிட்டன! பயற்றம் பணியாரம், பருத்தித்துறை வடை, ஒடியல் மா, ஓலைக் குட்டானில் பனங்கட்டி. குட்டானின் அடி கசிந்திருந்ததால் பேப்பரில் சுற்றி டப்பாவில் போட்டேன். நல்லெண்ணெய்ப் போத்தலுக்கு இரண்டு சொப்பிங் பை. அது பெரிய பெட்டிக்குள்தான், கைப்பையில் நூறு மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பவர் பேங்க் அதற்கு மறுவளம், கைப்பையில்தான் இருக்க வேண்டும். சின்னவனின் பொக்கற்றில் இருந்த சுவிங்கத்தை எடுத்துவிட்டேன். 1992 முதல் அங்கே அதற்குத் தடை.

டிசம்பர் 15

வருகை அட்டை ஐந்து பேருக்கும் நிரப்பியாயிற்று. இரவு பஸ்ஸில் கொழும்பு, நாளை இரவு கட்டுநாயக்கா விமான நிலையம், 17 காலை அங்கே. பூங்காவுக்குத் தோளில் போடும் பை ஒன்றுதான்: தண்ணிப் போத்தல், பனடோல், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), பிளாஸ்டர், அம்மாவின் மருந்து, மாற்றுச் சட்டை. தங்கச்சியின் நம்பரை எழுதிய துண்டு பிள்ளைகள் இருவரின் பொக்கற்றிலும். பஸ்ஸுக்கு இடியப்பம் கட்டிவிட்டேன். ஓட்டோவுக்குச் சொல்லியாயிற்று.